பார்க்காமல் எடுத்த ஐந்து

நீலசந்திராவின் அந்தக் குறுக்குத் தெருவில் கோதண்டத்துக்கு இரண்டு பெயர். ரேஷன் கார்டில் இருப்பது ஒன்று. குழாயடியில் இருப்பது மற்றது: நட்டுத் திருடன். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் யார் வீட்டு ஸ்கூட்டரிலாவது ஒரு ஸ்க்ரூ காணாமல் போனால்கூட, "கோதண்டண்ணன் வூட்டாண்ட கேட்டுப் பாரு" என்று ஒரு குரல் எழும்பும், கூடவே ஒரு சிரிப்பும். அவர் மனைவி ஜகதாம்பாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். சிரித்தது யார் என்று திரும்பாமலே அவளுக்குத் தெரியும்.

அந்தச் சிரிப்புகள்கூட அவளுக்குப் பெரிதில்லை. வாயுள்ளவர்கள் பேசத்தான் செய்வார்கள். அவளுக்கு வேண்டியது ஒரே ஆள், ரகு சார். அவன் விழ வேண்டும். நாலு பேர் பார்க்க, நல்ல பகல் வெளிச்சத்தில், வாய் குழறி விழ வேண்டும். அதை அவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூன்று வருஷமாக அவள் சாமி கும்பிட்டதெல்லாம் இதற்காகத்தான். பெற்ற மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளில்கூட, வேண்டுதலில் இரண்டாவதாக ரகுவின் பெயரைச் சேர்த்தாள்.

கதை நட்டில் தொடங்கியது. பொம்மசந்திராவில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கோதண்டம் பத்தொன்பது வருஷம் டூல்ரூம் ஃபிட்டர். ஜகதாம்பாளுக்கும் அங்கேதான் வேலை, டெஸ்டிங் ரூமில். வீட்டில் ஒரு பழைய கிரைண்டர் இருந்தது. ஒவ்வொரு தடவை மாவாட்டும்போதும் அதன் மோட்டார் நட்டு கழன்றுவிடும். ஸ்பிரிங் வாஷர் போட்டுப் பார்த்தார், மேலே இன்னொரு நட்டு போட்டுப் பார்த்தார், நூல் சுற்றிப் பார்த்தார். எதற்கும் மசியவில்லை. ஊருக்கெல்லாம் நட்டு செய்கிறவன் வீட்டில் இட்லிக்கு மாவு இல்லை என்று அவள் வாய் ஓயாமல் சொல்லவும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோஷம் வந்து ஹாக்ஸாவை எடுத்தார். நட்டின் மேல்பக்கத்தில் குறுக்கே பாதிவரை அறுத்தார். அறுத்த இடத்தின் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு. மேல் மரை மயிரிழை கீழே இறங்கியது. போல்ட்டில் போட்டால் முதலில் சுலபமாக ஓடும், கடைசியில் வந்து கடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த கிரைண்டர் அதிர்ந்து அதிர்ந்து சமையலறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கே நகர்ந்துபோகும், நட்டு அசையாது.

"நட்டு சும்மா கழல்றதில்ல சார்," என்று டிசைன் மேனேஜர் ரகுவிடம் கொண்டுபோய்க் காட்டினார். "மேலயும் கீழயும் இழுத்தா தாங்கிக்கும். பக்கவாட்டுல ஆட்டுனாதான் மரைக்கு மரை வழுக்குது. வழுக்கறப்ப அதுவே பின்னால சுத்திக்குது. அந்த வழுக்கலுக்கு எடம் குடுக்காம ஒரு மரை மட்டும் எப்பவும் புடிச்சிக்கினே இருக்கணும். அவ்ளோதான் சார் விசயம்."

"சூப்பர்ண்ணா," என்றான் ரகு. அப்போது அவன் அண்ணா என்றுதான் கூப்பிடுவான். ஹெச்.எஸ்.ஆரில், பணக்காரர்கள் இருக்கிற ஏரியாவில் வீடு, வெளிநாட்டில் படித்தவன், இருந்தாலும் தோளில் கைபோட்டுப் பேசுவான். கோதண்டத்துக்கு அதில் ஒரு வாரம் உச்சி குளிர்ந்து போயிருந்தது.

எட்டு மாதம் கழித்து ஆயுத பூஜையன்று முதலாளி அந்த நட்டைக் கண்டுபிடித்ததற்காக ரகுவுக்குச் சால்வை போட்டார். பொரியும் சர்க்கரையும் கையில் வைத்துக்கொண்டு நின்ற கூட்டத்திலிருந்து கோதண்டம், "சார், அது நான் குட்த்ததுங்களே" என்றார். கோபமாகக்கூட இல்லை, ஏதோ மறந்துவிட்டார்கள், நினைவுபடுத்தலாம் என்கிற மாதிரிதான் சொன்னார். அடுத்த வாரம், அதுவரை ஒருநாளும் சோதிக்காத சாப்பாட்டுப் பையைக் கேட்டில் சோதித்தார்கள். உள்ளே ஆறு நட்டு. அவர் வீட்டில் அறுத்துத் தட்டிச் சரிபார்க்கக் கொண்டுவந்தவை. கம்பெனிப் பொருளைத் திருடினார் என்று எழுதி, ஷிஃப்ட் விட்டு முன்னூறு பேர் வெளியே போகிற நேரத்தில், கேட்டருகே நிற்கவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். ரகு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஜகதாம்பாள் வேனில் உட்கார்ந்திருந்தாள். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை உதறிப் பார்த்தது மட்டும் அவளுக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இப்போது அவர் காக்ஸ் டவுனில் ஓர் அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. மற்றவர் கார்களுக்குக் கேட்டைத் திறந்து மூடுகிறார்.

அவள் மட்டும் வேலையை விடவில்லை. புருஷனைத் துரத்திய இடத்துக்கே தினமும் டிபன் கட்டிக்கொண்டு போகிறாளே, இவளுக்குச் சூடு சொரணை இல்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சொரணை இருந்ததால்தான் போனாள். அவனை வெளியிலிருந்து என்ன செய்துவிட முடியும்?

ஜனவரிக் குளிர். அவரை சீசன். முந்தின நாள் ஊறப்போட்ட அவரைக் கொட்டையைக் காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். இரவு டூட்டி முடித்து வந்த கோதண்டம் தலையில் குல்லாயைக்கூடக் கழற்றவில்லை. விரல்களுக்கு நடுவில் ஒரு அழுத்து, தோல் கையில், பருப்பு கிண்ணத்தில். அவருக்கு அந்த வேலை பிடிக்கும். ஒரு பருப்புகூட உடையாது.

"இன்னைக்கு கஸ்டமர் வர்றாங்கோ," என்றாள் ஜகதாம்பாள்.

"யாரு?"

"ஜல்லி சலிக்கிற மிஷின் பண்ற கம்பெனி. அதுல போட்டா எந்த நட்டும் ஒரு மாசம் தாங்கலியாம். அவங்க கண்ணு முன்னால டெஸ்ட் பண்ணணுமாம். ஒரு அம்மா வருது, அது சரின்னுட்டா வருசம் பூரா ஆர்டர். அவனுக்கு ஜெனரல் மேனேஜர் பதவி."

"எந்த நட்டு?"

"எந்த நட்டு! உன்து தான். அவன் பேரு போட்டு விக்கிறானே, அது."

கோதண்டம் பிதுக்குவதை நிறுத்தினார். "எத்தினி சாம்பிளு?"

"அஞ்சு."

"டெஸ்ட்டு மிஷின்ல எத்தினி ஆட்டம்?"

"ரெண்டாயிரம்."

"ரெண்டாயிரம் தாண்டும்," என்றார். பிறகு இன்னொரு கைப்பிடி கொட்டையை எடுத்துக்கொண்டார். "எண்ணெய் கிண்ணெய் இல்லாம தொடச்சிட்டு போடச் சொல்லு."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. "உனக்கு ரோசமே கெடையாதாயா? உன்னத் திருடன்னு நிக்கவெச்சான். நீ இன்னாடான்னா எண்ணெய தொடைக்கச் சொல்ற."

"வுடு ஜெகதா. இத்தினி வருசம் கழிச்சி இன்னா அத்தப் போயி."

"நான் வுடமாட்டேன்," என்றாள். களி கிண்ட அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கேழ்வரகு மாவைக் கொட்டினாள். களிக் கோலால் அவள் அன்றைக்குக் கிண்டிய கிண்டில் பானை தாங்கியதே பெரிய விஷயம்.

ஆனேபாளையா முனையில் வேன் ஏறினால் டெய்ரி சர்க்கிள், சில்க் போர்டு என்று ஊர்ந்து ஊர்ந்து பொம்மசந்திரா போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம். ஓசூர் ரோட்டில் பனி இன்னும் விலகவில்லை. மேலே மெட்ரோ ரயில் காலியாகப் போனது, கீழே லாரிகள் நகரவில்லை. பக்கத்து சீட்டில் டெஸ்டிங் ரூமின் இன்னொரு பெண் வைஷ்ணவி காதில் ஒயரைச் செருகிக்கொண்டு தூங்கினாள். ஜகதாம்பாள் தூங்கவில்லை. மடியில் இருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த விரல்களில்தான் எல்லாம் இருந்தது. டெஸ்டிங் ரூமில் பக்கவாட்டில் ஆட்டிச் சோதிக்கிற மெஷின் ஒன்று உண்டு. பெண்கள் அதற்கு ஆட்டக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு இரும்புப் பலகையை ஒரு போல்ட்டு நட்டால் இறுக்கிப் பூட்டி, மேல் பலகையை நிமிஷத்துக்கு எழுநூறு தடவை இடமும் வலமும் இழுக்கும். எவ்வளவு இறுக்கம் மிச்சம் என்று திரையில் ஒரு கோடு ஓடும். கோடு மட்டமாக ஓடினால் நட்டு நல்லது. சரிந்தால் கழல்கிறது.

கோதண்டம் ஒவ்வொரு நட்டையும் கையால் தட்டி, போல்ட்டில் ஓட்டி, கடிக்கிறதா என்று பார்த்துச் செய்தார். ரகு அதைப் பிரஸ்ஸில் போட்டான். பிரஸ் எல்லா நட்டையும் ஒரே அளவு அழுத்தும். ஆனால் நட்டுகள் ஒரே உயரம் இல்லையே. ஒன்று மயிரிழை குட்டையாக இருந்தால் அதன்மேல் பிரஸ் சும்மா தடவிவிட்டுப் போய்விடும். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து அப்படித்தான் வந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஜகதாம்பாள் இரண்டு விரலால் போல்ட்டில் ஓட்டிப் பார்த்து, கடிக்காததைத் தட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டு, கடிப்பதை மட்டும் ஆட்டக்காரிக்குக் கொடுப்பாள். அது அந்த அறையின் வழக்கம். எல்லாப் பெண்களும் எல்லாச் சரக்குக்கும் செய்வதுதான். ஃபெயில் ஆனால் மறுபடி செய்யவேண்டும், காகிதம் எழுதவேண்டும், மேலே இருப்பவன் கத்துவான். யாருக்கு வேண்டும் அந்தத் தலைவலி? ரகுவுக்கும் இது தெரியும். "அக்கா கை ராசி" என்று சிரித்துக்கொண்டே போவான். அதற்கு மேல் கேட்கமாட்டான்.

ஆரம்பத்தில் கோதண்டத்தின் நட்டு என்பதற்காகத்தான் அவள் அதைக் காப்பாற்றினாள். அவரைத் துரத்திய பிறகும் காப்பாற்றினாள், காலம் வரட்டும் என்று. காலத்தை ரகுவே கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் தரம் பார்க்க ஆடிட் வந்தபோது டெஸ்டிங் ரூம் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினான், தன் கையெழுத்தோடு. இங்கிலீஷிலும் கன்னடத்திலும் இருந்தது. வைஷ்ணவி படித்துச் சொன்னாள்: "சாம்பிளை பெட்டியிலிருந்து பார்க்காமல் எடுக்க வேண்டும். ஆபரேட்டர் சொந்த அறிவைப் பயன்படுத்தக் கூடாது."

"நமக்கு சொந்த அறிவு வேற இருக்குதாக்கா," என்று வைஷ்ணவி சிரித்தாள்.

அந்தக் காகிதம் ஆடிட்டர் பார்க்க ஒட்டியது. தொழிற்சாலையில் சுவரில் இருக்கும் எந்தக் காகிதமும் பின்பற்றுவதற்கு அல்ல என்பது கூட்டிப் பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரியும். ஒட்டியவனும் அந்த நம்பிக்கையில்தான் ஒட்டினான். ஜகதாம்பாள் அதைத் தினமும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அவன் கழுத்தில் விழப்போகிற சுருக்கை அவனே கையெழுத்துப் போட்டு மாட்டிவைத்திருக்கிறான்.

பதினொரு மணிக்கு அந்த அம்மாள் வந்தாள். மமதா என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும், பருத்திப் புடவை, காலில் சேஃப்டி ஷூ. முதலாளியும் கூட வந்தார். இன்னும் ஆறேழு பேர் கதவோரம் நின்றார்கள். ரகு புதுச் சட்டை போட்டிருந்தான். திரையைக் காட்டிப் படபடவென்று இங்கிலீஷில் பேசினான். மமதா நடுவில் நிறுத்தி, கன்னடத்தில், "பேச்சு போதும் சார், ஆட்டிக் காட்டுங்க" என்றாள். ஜகதாம்பாளுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

"ஜெகதாக்கா, அஞ்சு சாம்பிள்," என்றான் ரகு.

ஜகதாம்பாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். பெட்டியருகே போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை உள்ளே விட்டு ஐந்தை அள்ளினாள். விரலில் ஓட்டிப் பார்க்கவில்லை. வைஷ்ணவி அவளை ஒருமாதிரி பார்த்தாள். ரகு அப்போது மமதாவுக்கு நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தான்.

முதல் நட்டு ஏறியது. ஆட்டக்காரி கத்த ஆரம்பித்தாள். மேஜைமேல் இருந்த டம்ளர் நடுங்கியது. இரண்டாயிரம் ஆட்டத்துக்கு மூன்று நிமிஷம்கூட ஆகாது. கோடு மட்டமாக ஓடி முடிந்தது. நூற்றில் தொண்ணூற்றிரண்டு பங்கு இறுக்கம் மிச்சம். முதலாளி தலையை ஆட்டினார். இரண்டாவதும் தாண்டியது. ரகு பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டு நின்றான். ஜகதாம்பாள் மிச்சமிருந்த மூன்று நட்டையும் பார்த்தாள். ஐந்தும் நல்லதாக வந்து தொலைத்துவிட்டால்? மாரியாத்தா, ஒண்ணு குடு, ஒண்ணே ஒண்ணு குடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே மூன்றாவதை எடுத்துப் போல்ட்டில் ஓட்டினாள். விரலுக்குத் தெரிந்துவிட்டது. கடிக்கவே இல்லை, வெண்ணெயாக இறங்கியது.

அவள் கை ஒரு கணம் நின்றது. வழக்கமாக இந்த இடத்தில்தான் தட்டுக்குத் திருப்பிப் போடுவாள். போடவில்லை. ஸ்பேனரால் சொன்ன அளவுக்கு இறுக்கி, பொத்தானை அமுக்கினாள்.

நூறு, இருநூறு ஆட்டம் வரை கோடு பிடித்தது. முன்னூற்றில் வளைந்தது. நானூற்றில் சரிந்தது. நானூற்று எண்பதில் நட்டு எல்லோர் கண்முன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டு மேலே வந்தது. ஆட்டக்காரி தானாக நின்றுவிட்டாள்.

ஜகதாம்பாள் நட்டைப் பார்க்கவில்லை. ரகுவின் முகத்தைப் பார்த்தாள். முதலில் உதடு வெளுத்தது. பிறகு காதோரம் வேர்த்தது. இதைத்தானே கேட்டாள்! மூன்று வருஷம் கேட்டதைச் சாமி இத்தனை கிட்டத்தில் கொண்டுவந்து காட்டும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"ஒரு சாம்பிள் இப்டி வரும் மேடம். ஃபிக்ஸிங் ப்ராப்ளம்," என்றான். பிறகு ஜகதாம்பாள் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில், "அக்கா, இன்னாக்கா இது? வழக்கம்போல எடுங்கக்கா. விரல்ல பாத்து எடுங்க. ப்ளீஸ்."

"இன்னா சார் சொல்றீங்கோ?" ஜகதாம்பாள் தொண்டையைத் திறந்து கேட்டாள். "விரல்ல பாத்து எடுக்கணுமா? நீங்கதான பாக்காம எடுக்கணும்னு எழுதி ஒட்டிக்கிறீங்கோ. ஆபரேட்டருக்கு சொந்த அறிவு கூடாதுன்னு போட்டுக்குதே. உங்க கையெழுத்துதான அது?"

கதவோரம் யாரோ சிரிப்பை இருமலாக்கி அடக்கினார்கள். மமதா எழுந்து சுவரில் இருந்த காகிதத்தைப் படித்தாள். ஜகதாம்பாளிடம் திரும்பி, கன்னடமும் தமிழும் கலந்து, "ஏனம்மா, வழக்கம்னா என்ன? இதுக்கு முன்னாடி நீங்க பார்த்துப் பார்த்தா எடுத்தீங்க?" என்றாள்.

"மூணு வருசமா, மேடம். நல்லதா பாத்துதான் இந்த மிஷின்ல ஏத்துவேன். சாருக்கு கொத்து, நல்லாவே தெரியும்."

முதலாளி ரகுவைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான். கன்னடத்தில் மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அறை முழுக்கக் கேட்டது: "எனக்கு மூணு வருஷமா காட்டின ரிப்போர்ட்டெல்லாம் இதுதானா?" ரகு வாயைத் திறந்தான். "சார், அது... ப்ராசஸ்ல..." என்றான்.

நான்காவதும் ஐந்தாவதும் ஏற்றச் சொன்னாள் மமதா. நான்காவது தாண்டியது. ஐந்தாவது அறுநூற்றுப் பத்தில் கழன்றது. மமதா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

"இது யாரோட டிசைன்?" என்று தலைநிமிராமல் கேட்டாள்.

ரகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த இடத்தில்தான் ஜகதாம்பாள் மாட்டிக்கொண்டாள். மூன்று வருஷம் தொண்டையில் நின்றது அது. இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது? நாலு பேர் இருக்கிறார்கள், முதலாளி இருக்கிறார், வெளி ஆள் இருக்கிறாள், ரகுவுக்கு வாய் அடைத்திருக்கிறது.

"இவரோடது இல்ல மேடம்!" என்று கத்தினாள். "என் வீட்டுக்காரரோடது! கோதண்டம்னு பேரு. இங்க பத்தொம்போது வருசம் ஃபிட்டர். அவரு எங்க வூட்ல ஒக்காந்து பண்ணுனாரு. அத்த எட்த்துக்கினு இவரு சால்வ போட்டுக்கினாரு. கேட்டதுக்கு அவர திருடன்னு கேட்ல நிக்கவெச்சாரு. வேணும்னா இல்லன்னு சொல்லச் சொல்லுங்க!"

மமதா ரகுவைப் பார்த்தாள். முதலாளியும் பார்த்தார். அவன் இல்லை என்பான் என்று ஜகதாம்பாள் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள். அவன் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"அக்கா சொல்றது நெஜம் மேடம்," என்றான். "ஐடியா என்னுது இல்ல. எங்க பழைய ஃபிட்டர் ஒருத்தர் குடுத்தது. படிச்சவர் இல்ல. நாங்க அவர நம்பி அப்படியே எடுத்துட்டோம். அது என் தப்பு." முதலாளியின் பக்கம் திரும்பினான். "டிசைன்லயே கோளாறு இருக்கு சார். அவரும் இப்ப கம்பெனில இல்ல."

"பேர் சொல்லுங்க," என்றாள் மமதா.

ரகு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். மமதா எழுதிக்கொண்டாள்.

ஜகதாம்பாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒத்துக்கொண்டான்! எல்லோர் முன்னாலும், தன் வாயால். பேரைக்கூட எழுத்துக் கூட்டிச் சொன்னான். மமதா கிளம்பும்போது அவள் பின்னாலேயே ஓடி, அவள் எழுதிய காகிதத்துக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டாள். மமதா ஒரு விநாடி தயங்கினாள்.

"எதுக்கம்மா?"

"அவராண்ட காட்டணும் மேடம். அவரு பேரு இருக்குதே."

மமதா காகிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆபீஸ் பெண்ணிடம் பிரதி எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் கேண்டீனில் வைஷ்ணவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் தட்டில் பிசிபேளாபாத் ஆறிக்கொண்டிருந்தது. "அக்கா, இன்னா தைரியம்க்கா உனக்கு! அவன் மூஞ்சிய பாத்தியா, சுண்ணாம்பு அடிச்சாப்ல."

"பாத்தேன் பாத்தேன். அதுக்குத்தான்டி இத்தினி நாளு இங்க கெடந்தேன்."

"ஆனா பிரஸ்தான கோளாறு, நட்டு இல்லியே," என்றாள் வைஷ்ணவி, சாதத்தைப் பிசைந்தபடி. "நீ அத்த சொல்லலியே?"

"அது கெடக்குது வுடு," என்றாள் ஜகதாம்பாள். அப்போது அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. ரகு முதலாளி அறைக்குள் போய் இரண்டு மணி நேரமாக வெளியே வரவில்லை என்று ஆபீஸ் பெண் வந்து சொன்னாள். அந்தச் செய்தியைத் தொட்டுக்கொண்டு இன்னொரு தட்டு சாப்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கோதண்டம் தூங்கி எழுந்து, பிதுக்கிய பருப்புக் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சுவருக்கு முகத்தைத் திருப்பியது, நட்டு சுற்றிக்கொண்டு மேலே வந்தது, ரகு ப்ளீஸ் என்றது, முதலாளி கேட்டது, காதோரம் வேர்த்தது. வேர்த்ததை இரண்டு தடவை சொன்னாள்.

"உன் பேர ஒத்துக்கினான்யா! எல்லார் எதிர்லயும்! இந்தா, பேப்பர்லயே எழுதிக்குது."

கோதண்டம் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். பத்தொன்பது வருஷம் டிராயிங் பார்த்தவர், அந்த அளவுக்கு இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வரும். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். விரலை வரிக்கு வரி நகர்த்தினார். தன் பெயர் இருந்த இடத்தில் விரல் நின்றது. அதற்குக் கீழே போயிற்று. அங்கேயே வெகு நேரம் நின்றது.

"இன்னா போட்டுக்குது?" என்றாள் ஜகதாம்பாள்.

"டிசைன் பண்ணது கோதண்டம்," என்று அவர் மெல்லப் படித்தார். "அஞ்சுல ரெண்டு கழண்டுச்சு. டிசைன் தப்பு. வாணாம், தள்ளியாச்சு. வேற ஆளுங்களும் யாரும் யூஸ் பண்ணாதீங்கன்னு போட்டுக்குது."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். அது கிளம்பாமல் இழுத்தது.

"எத்தினி ஆட்டத்துல கழண்டுச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணு நானூத்தி எம்பது. ஒண்ணு அறுநூத்திப் பத்து."

"கையால தட்டுனது ரெண்டாயிரம் தாண்டும் ஜெகதா. நாலாயிரமே போவும்."

"எனக்குத் தெரியாதா?"

"பிரஸ்ல அட்ச்சா அப்டித்தான் ஆவும். ஒசரம் நட்டுக்கு நட்டு மாறும். ஒவ்வொண்ணா அளந்து தட்டுற மாறி ஒரு சின்ன ஜிக்கு வெச்சா போதும், எல்லாம் கடிக்கும். நான் அப்பவே அவங்கிட்ட சொன்னேன்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு தெரியுமில்ல? அந்தம்மாவாண்ட சொன்னியா?"

"இல்ல."

"பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"அப்புறம் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"அவன் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தேன்," என்றாள் ஜகதாம்பாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ரகு தரையைப் பார்த்த அந்த ஒரு நிமிஷம் கண்முன் வந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது எதனால் என்று இப்போது புரிந்தது. விழுந்துகொண்டிருந்தவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது. கோதண்டத்தைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தவள் அவள்தான். மூன்று வருஷம் அவன்மேல் எரிந்ததெல்லாம் திரும்பி அவள் வயிற்றிலேயே எரிந்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நான் நாளைக்கே போயி சொல்றேன். அந்தம்மா நம்பர் வாங்கி சொல்றேன். பிரஸ்ஸுதான்னு..."

"யாரு நம்புவாங்கோ? அவன் பொண்டாட்டி, அப்டித்தான் சொல்வாம்பாங்க." அவர் காகிதத்தை மடித்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து, டிராயிங் மடிக்கிற மாதிரி நேர்த்தியாக மடித்தார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"திருடன்னு சொன்னாங்கோ. அது என்னிய ஒண்ணும் பண்ணல ஜெகதா. நான் திருடலன்னு எனக்குத் தெரியும், ராத்திரி கேட்ல ஒக்காந்துக்கினு அந்த நட்ட நெனச்சிக்குவேன். எங்கியோ ஒரு மிஷின்ல அது கழலாம நிக்குதுன்னு. யாரு பேருல நின்னா இன்னா. இதுல எனக்கு வேல தெரியாதுன்னு எழுதிக்குது. உன் வாயால சொல்லி எழுதிக்குது. இதுக்கு நான் யாராண்ட போயி இல்லன்னு சொல்வேன்?"

அவர் காகிதத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஆணியிலிருந்து செக்யூரிட்டி சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பினார்.